கோப்பை வாங்கிய அணியைக் காணோம்!

கடைசி இடம் வந்த அணி திரும்பி வந்துவிட்டது. முதல் இடம் வந்த அணியைத்தான் காணோம்!

இது விடுகதை அல்ல. இந்தியக் கால்பந்தில் நடந்த கதை. காணாமல் போனது எங்கேயோ வடக்கே உள்ள அணியும் அல்ல. நம் தமிழ்நாட்டு அணி. பெயர் சென்னை சிட்டி.

ஆனைக்குட்டம், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் சாயங்காலம் ஆனால் பந்து உதைக்கிற பையன்களுக்குக் குறைவில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறது? தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ லீக் கோப்பையை முதன்முதலாக வாங்கியது 2019-ல். அதற்குள் பெயரே மறந்து போச்சு!

திருட்டு இல்லை. அடிதடி இல்லை. ரத்தம் இல்லை. ஆனால் ஆளைக் காணோம். என்னதான் நடந்தது?

ஒரே வருஷம், இரண்டு அணிகள்

2018-19 ஐ லீக் போட்டி. மொத்தம் 11 அணிகள். அணிக்கு 20 ஆட்டம்.

கடைசி நாள் 2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும் மோதின. சென்னை சிட்டியிடம் 40 பாயிண்ட். பின்னாலேயே துரத்தி வந்த கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலிடம் 39. அந்த அணி அதே நாளில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடியது. கோவையில் கொஞ்சம் சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு ரயில் ஏறிவிடும்.

முதல் கோலைப் போட்டது மினர்வா! கூட்டம் கப்சிப்.

இரண்டாவது பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியை கோலாக்கினார். அப்புறம் தடுப்பாட்டக்காரர் கவுரவ் போரா ஒன்று போட்டார். முடிகிற நேரத்தில் இன்னொன்றும் போட்டார். 3-1. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. பிரயோஜனம் இல்லை. 43-க்கு 42. ஒரே ஒரு பாயிண்டில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

மான்சி மட்டும் அந்தப் பருவத்தில் 21 கோல். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். ஸ்பெயின்காரர்கள் நடுவே தமிழ்நாட்டுப் பையன்கள் எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ஜேசுராஜ். கோவைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

இனி அதே பட்டியலின் அடியைப் பாருங்கள்.

அங்கே கிடந்தது ஷில்லாங் லஜோங். மேகாலயா மாநிலத்து அணி. அந்த வருஷம் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் இறங்கியது. பெரும்பாலும் உள்ளூர் இளவட்டங்கள். எதிர் அணிகள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டுக்காரர்கள். அடி என்றால் அடி, சரியான அடி! வாரா வாரம் தோல்வி. பட்டியலில் கடைசி இடம். விதிப்படி கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அன்றைக்கு யாரிடம் கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? சென்னை சிட்டிக்கு ராஜயோகம், லஜோங் கதை முடிந்தது என்றுதானே?

நடந்தது நேர் எதிர்.

விழுந்தவன் எழுந்தான்

லஜோங் கடையைக் கட்டவில்லை. சொந்த ஊர் லீகில் ஆடியது. பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதை விடவில்லை. 2022-23 பருவத்தில் இரண்டாவது டிவிஷனில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறியது. 2023-24-ல் மறுபடியும் ஐ லீகில் ஆஜர்!

அதோடு நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை கால் இறுதி. இடம் ஷில்லாங். எதிரே நின்றது யார்? 2019-ல் ஒரு பாயிண்டில் கோப்பையைக் கோட்டைவிட்ட அதே ஈஸ்ட் பெங்கால். லஜோங் 2-1 என்று ஜெயித்து அந்தப் பெரிய அணியை ஊருக்கு அனுப்பியது.

லஜோங்குக்கு விழுவது புதிது அல்ல. 2009-10-ல் முதல் தடவையாக ஐ லீகுக்கு வந்தபோதும் அந்த வருஷமே கீழே தள்ளப்பட்டது. 2011-ல் திரும்ப ஏறி வந்தது. இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் எழுந்தது. 1983-ல் ஆரம்பித்த கிளப். ஊர் அதை விடவில்லை, அதுவும் ஊரை விடவில்லை.

ஜெயித்தவன் என்ன ஆனான்?

சென்னை சிட்டி கீழே இருந்து படிப்படியாக ஏறி வந்த அணி அல்ல. 2016-ல் நேரடி அனுமதி வாங்கி மேல் படியிலேயே உட்கார்ந்தது. முதல் வருஷம் ஆட்டம் சென்னையில். அடுத்த வருஷம் ஜாகை கோவைக்கு மாறியது. பெயரில் சென்னை, மைதானம் கோவை.

கோப்பை வந்த வருஷம் எல்லாரும் கூட வந்தார்கள். 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுப்பதாக அறிவிப்பும் வந்தது. இனி என்ன குறை என்றார்கள்.

ஆனால் ஜெயித்த அணி கலையத் தொடங்கியது. நெஸ்டர் ஐதராபாத்துக்குப் போனார். வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்கு விமானம் ஏறினார். பிறகு கொரோனா வந்தது. 2020-21 பருவம் முழுவதும் மேற்கு வங்காளத்திலேயே நடந்தது. கோவை ரசிகனுக்குத் தன் அணியை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அந்தப் பருவத்தில் ஆளுக்கு 10 ஆட்டம் முடிந்ததும் 11 அணிகளை இரண்டாகப் பிரித்தார்கள். மேல் ஆறு கோப்பைக்கு ஆடும். கீழ் ஐந்து தப்பிப்பதற்கு ஆடும். இரண்டு வருஷம் முன்னால் கோப்பையைத் தூக்கிய அணி கீழ் ஐந்தில் கிடந்தது!

இதிலே இன்னொரு கூத்து. கடைசி இடம் வந்தது சென்னை சிட்டி அல்ல, மணிப்பூரின் நெரோக்கா. கீழே போக வேண்டிய அந்த அணி மறு வருஷமும் ஐ லீகில் ஆடியது. கடைசி இடம் வராத சென்னை சிட்டிக்கு இடம் இல்லை. கிளப் உரிமத்துக்கான விதிகளை நிறைவேற்றவில்லை என்று 2021-22 லீகில் சேர்க்கவில்லை. அதன் பிறகு தேசிய லீக் பட்டியல்களில் அந்தப் பெயரைப் பார்க்க முடியவில்லை.

ஆக, பந்து விழுத்தவில்லை. பேப்பர் விழுத்தியது.

படியே இறங்கினால்?

எல்லாப் பழியையும் கிளப்பின் தலையில் போட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

2014-ல் ஐ.எஸ்.எல். என்று இன்னொரு லீக் வந்தது. பெரிய பணம், டி.வி., சினிமா நட்சத்திரங்கள். 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்து சம்மேளனம் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி நாட்டின் முதல் லீக் ஐ.எஸ்.எல். ஐ லீக் அதற்குக் கீழே.

சென்னை சிட்டி கோப்பை வாங்கியது மார்ச்சில். அந்தக் கோப்பையின் மதிப்பு குறைந்தது அக்டோபரில். ஏழே மாசம்! அணி இறங்கவில்லை, அது ஏறி நின்ற படியையே இறக்கிவிட்டார்கள். சாம்பியன் ஆயிற்றே, மேலே கூப்பிட்டார்களா? அதுவும் இல்லை. ஐ லீகில் ஜெயித்தவருக்கு மேலே போக வழி திறந்தது 2022-23-ல்தான். அந்த வழியில் முதலில் ஏறியது பஞ்சாப் அணி.

மேலே இருக்கிற ஐ.எஸ்.எல்.லில் 2024-25 பருவம் வரை எத்தனை தடவை தோற்றாலும் யாரும் கீழே இறங்கியது கிடையாது. கீழ்ப் படிக்காரன் மட்டும்தான் விழ வேண்டியிருந்தது. இது என்ன நியாயம்?

அந்தப் பணக்கார லீகாவது சவுக்கியமா? 2025-ல் ஒப்பந்தத் தகராறில் அதுவே குறித்த காலத்தில் ஆட்டம் தொடங்க முடியாமல் தவித்தது. மேலே ஆட்டம் கண்டால் கீழே என்ன மிஞ்சும்?

மில்லின் அணி

இதற்கு முன்னாலும் ஒரு பாடம் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

பஞ்சாப் மாநிலம் பக்வாராவில் ஜே.சி.டி. என்று ஒரு பஞ்சாலை. 1971-ல் அந்த மில் ஓர் அணியை ஆரம்பித்தது. ஐ.எம்.விஜயன், பாய்ச்சுங் பூட்டியா, சுனில் சேத்ரி எல்லாரும் ஒரு காலத்தில் அந்தச் சட்டை போட்டவர்கள். 1996-97-ல் தேசிய லீக் முதன்முதலாக நடந்தபோது ஜெயித்ததும் ஜே.சி.டி.தான்.

2010-11 பருவம் அதற்குக் கெட்ட காலம். 14 அணிகளில் 13-வது இடம். கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. அதோடு 2011 ஜூனில் அணியையே கலைத்துவிட்டார்கள்! 40 வருஷக் கிளப் ஒரே அறிவிப்பில் காலி.

மில்லில் சங்கு ஊதினால் ஷிப்டு முடியும். மறுநாள் திரும்பவும் சங்கு ஊதும். அங்கே ஒரு தடவை ஊதியதோடு சரி.

லஜோங்கும் விழுந்தது, ஜே.சி.டி.யும் விழுந்தது. லஜோங்கை ஊர் தாங்கியது. ஜே.சி.டி.யைத் தாங்கியது ஒரு கம்பெனி. கம்பெனிக்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கதவைச் சாத்திவிடும். ஊருக்குக் கதவு கிடையாது.

இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஓர் அணி. 2016-ல் உலகமே வாயைப் பிளக்க பிரிமியர் லீக் கோப்பை வாங்கியது. 2023-ல் கீழே போனது. 2024-ல் ஜெயித்து மேலே வந்தது. 2025-ல் மறுபடியும் கீழே. ஒரு தடவையும் கிளப்பைக் கலைக்கவில்லை. காரணம் ரசிகன் மட்டும் அல்ல. அங்கே கீழே விழுகிற அணிக்கு டி.வி. வருமானத்தில் ஒரு பங்கை சில வருஷம் தொடர்ந்து கொடுக்கிறார்கள். விழுபவன் கால் உடையாமல் இருக்க அடியில் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே விழுபவனுக்கு அடியில் கருங்கல்.

ஆனைக்குட்டத்துக்குத் தெரியாதா?

பந்து உதைப்பவன் கதை பட்டாசுக் கட்டுக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். இந்த வட்டாரத்துக்குத்தான் இது நன்றாகப் புரியும்.

லைசென்ஸ் என்றால் என்ன என்று சிவகாசிக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை ஷெட், ஷெட்டுக்கு எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கணக்கு தப்பினால் ஆலைக்குப் பூட்டு. பூட்டு விழுந்த மறுநாள் பஸ் ஏறாமல் வீட்டில் உட்காருவது யார்? அங்கே கை கறுக்க வேலை செய்தவர்கள்தான். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பேரியத்துக்குத் தடை போட்ட பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது யார் வீட்டு அடுப்பு அணைந்தது என்று ஊருக்கே தெரியும்.

விதி தப்பு என்று சொல்லவில்லை. விதி வேண்டும். பட்டாசு ஆலையில் விதியை மீறினால் உயிர் போகிறது. கால்பந்து உரிமத்திலும் கேட்பது நல்ல சமாச்சாரங்கள்தான். பையன்கள் அணி உண்டா, மைதானம் உண்டா, பயிற்சியாளர் உண்டா, வரவு செலவு நேராக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஓட்டை விழுகிறபோதே கேட்க வேண்டும். வீடு முழுக்க எரிந்த பிறகு வந்து பூட்டுப் போடுவதில் என்ன லாபம்?

ஆனைக்குட்டம் அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனா ஆற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். மழை பெய்து வந்த தண்ணீரும் ஷட்டர் பழுதால் வீணாகப் போகிறது என்று எத்தனை வருஷம் செய்தி வந்தது! தண்ணீர் வரவில்லை என்பது ஒரு துக்கம். வந்த தண்ணீரை நிறுத்தி வைக்க முடியவில்லை என்பது அதைவிடப் பெரிய துக்கம்.

தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு 2019-ல் அப்படி ஒரு வெள்ளம் வந்தது. ஷட்டரைச் சரி பார்க்க ஆள் இல்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் ஓடிப் போச்சு.

நாலு பேர் சொல்வது

கடை வாசலில் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணாச்சி, தோத்த அணிக்கு யாரு காசு குடுப்பா?"

"ஏன் தம்பி, கடையில ஒரு மாசம் வியாபாரம் படுத்துட்டா கடையையா வித்துருவோம்? சரக்கை மாத்துவோம், செலவைச் சுருக்குவோம், கடையைத் திறந்துதானே வச்சிருப்போம்!"

அண்ணாச்சி சொல்வதில் எல்லாம் அடக்கம். தோற்பது வியாபாரத்தில் ஒரு மாசம். கலைப்பது கடையை விற்பது. இரண்டும் ஒன்று அல்ல.

கீழ் டிவிஷனுக்குப் போவது அவமானம் என்று நினைக்கிறவர்கள் முதலில் அந்த நினைப்பை விட வேண்டும். பத்தாவதில் பெயிலான பையன் மறுபடியும் எழுதிப் பாஸ் பண்ணுகிறான். அவனை யாரும் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. பரீட்சையே இல்லாமல் மேல் வகுப்பில் உட்கார வைத்த பையன்தான் அங்கே திணறுகிறான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மேலே உள்ள லீகோ, கீழே உள்ள லீகோ, கடைசி இடம் வந்தால் கீழே, முதல் இடம் வந்தால் மேலே. ஆளுக்கொரு சட்டம் கூடாது.

இரண்டாவது, பணம் இருக்கிறது என்பதற்காக நேராக மேல் படியில் ஏற்றி உட்கார வைப்பது நிற்க வேண்டும். ஏணியில் ஏறி வந்தவனுக்குத்தான் இறங்கவும் தெரியும், திரும்ப ஏறவும் தெரியும்.

மூன்றாவது, கிளப்பின் கணக்கை வருஷா வருஷம் பார்த்து, ஓட்டை இருந்தால் அப்போதே ரசிகனுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆட்டக்காரர் சம்பளம்தான் முதல் செலவு என்று எழுதி வைக்க வேண்டும்.

நாலாவது, கீழே போகிற அணிக்கு ஒன்றிரண்டு வருஷம் கைகொடுக்க ஒரு நிதி வேண்டும். அந்தப் பணம் உள்ளூர்ப் பையன்களை வளர்க்கிற கிளப்புக்கு மட்டும் என்று விதி போடட்டும்.

ஐந்தாவது, நம் மாவட்டத்து வேலை. விருதுநகரில் மாவட்ட விளையாட்டு அரங்கம் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம் எல்லா ஊரிலும் உதைக்கிற கால்கள் இருக்கின்றன. ஒருநாள் கோப்பை, சுழற்கோப்பை என்று பொங்கலுக்கு ஒரு தடவை மைக் கட்டி முடித்தால் போதாது. ஆறு மாசம் ஓடுகிற லீக் வேண்டும். மேல் டிவிஷன் ஒன்று, கீழ் டிவிஷன் ஒன்று. தோற்ற ஊர் அடுத்த வருஷம் ஏறி வரட்டும். அந்த வெறிதான் ஆட்டக்காரனை உண்டாக்கும்.

இதற்குக் கோடிகள் வேண்டாம். சமமான தரை, இரண்டு கோல் கம்பம், விசில் ஊத ஒரு நேர்மையான ஆள், தேதி தவறாத அட்டவணை. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், நூற்பாலை முதலாளிகள் நினைத்தால் ஒரு வாரத்தில் நடக்கும். ஆனால் ஒன்று. அணிக்குத் தங்கள் கம்பெனி பெயரை வைக்க வேண்டாம். ஊர்ப் பெயரை வையுங்கள். கம்பெனி நொடித்தாலும் ஊர் நிற்கும்.

2019-ல் கோவையில் தூக்கிய கோப்பையில் ஒரு தமிழ்நாட்டு கிளப்பின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் தேசிய லீகில் ஆட இன்று ஒரு பையனுக்கும் இடம் இல்லை. ஷில்லாங்கில் கடைசி இடம் வந்த அணிக்கு இன்றும் ஆடப் போகிற பையன்கள் இருக்கிறார்கள்.

தோற்றதற்காக யாரையும் தண்டிக்க வேண்டாம். ஜெயித்ததைக் காப்பாற்றத் தெரியாமல் போனதற்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள்? மாநிலக் கால்பந்து சங்கத்தில் இருப்பவர்களும், டெல்லியில் இருப்பவர்களும் வாய் திறப்பார்களா?